ரப்பர் மரங்களின் பாலில் உள்ள கொழுப்பு: இனத்தோடு இனத்தை ஒப்பிடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரப்பர் மரத்தின் பாலில் தண்ணீரும் ரப்பரும் போக, நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கொழுப்பும் இருக்கிறது. அளவு சிறிதுதான். ஆனால் பால் எவ்வளவு நேரம் உறையாமல் நிற்கும், ரப்பர் குளிரில் எப்படி விறைக்கும், வெயிலில் எவ்வளவு நாள் தாங்கும் என்பதில் எல்லாம் அதற்குக் கை இருக்கிறது. "எந்த இனத்தின் பாலில் கொழுப்பு அதிகம்?" என்று கேட்பவர்கள் ஒரு எண்ணை எதிர்பார்க்கிறார்கள். எண் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. கீழே உள்ளவற்றில் பாதி அவைதான்.

ஒரு சொல் விளக்கம்: 'கொழுப்பு' என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் இங்கே நான் குறிப்பது லிப்பிட்கள் அனைத்தையும். எண்ணெய், மெழுகு, ஸ்டெரால், உயிரணுச் சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிட் எல்லாம் அதில் அடக்கம்.

ரப்பர் பால் என்பது மரத்தின் சாறுதானே? அதில் கொழுப்பு எப்படி வந்தது?

சாறு இல்லை. வேரிலிருந்து ஏறும் தண்ணீர் வேறு, இலையிலிருந்து இறங்கும் சர்க்கரைக் கரைசல் வேறு, பால் வேறு. பட்டைக்குள் பால்குழாய்கள் என்று தனி உயிரணுக்கள் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து உயிரணுக்களின் சுவர்கள் கரைந்து ஒன்றோடொன்று இணைந்து வலை மாதிரி ஓடுபவை அவை. பட்டையைச் சீவினால் வழிவது அந்த உயிரணுக்களின் உள்ளடக்கமே. உட்கருவும் மைட்டோகாண்டிரியாவும் பெரும்பாலும் சுவரோரம் ஒட்டிக்கொண்டு உள்ளேயே நின்றுவிடும், மற்றதெல்லாம் வெளியே வந்துவிடும்.

ஆக, பாலைக் கையில் வைத்திருப்பவர் உயிருள்ள சைட்டோபிளாசத்தைக் கையில் வைத்திருக்கிறார். சவ்வுகள் இருக்கும் இடத்தில் கொழுப்பு இருக்கும். அதனால் கொழுப்பு எப்படி வந்தது என்று வியக்க எதுவும் இல்லை. அது பாலின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதுதான் சுவாரசியம்.

சரி, எந்தப் பகுதியில் இருக்கிறது?

புதுப் பாலை அதிவேகத்தில் சுழற்றினால் அடுக்கு அடுக்காகப் பிரியும். மேலே வெள்ளை ரப்பர் ஏடு, நடுவில் தெளிந்த நீர், அடியில் மஞ்சள் கலந்த கூழ். மூன்றிலும் கொழுப்பு உண்டு, ஆனால் ஒரே கொழுப்பு இல்லை.

மேலே இருக்கும் ரப்பர் துகள் ஒவ்வொன்றும் நடுவில் ரப்பரும் சுற்றிலும் மெல்லிய போர்வையுமாக இருக்கும். சாதாரண உயிரணுச் சவ்வு இரட்டை அடுக்கு. இந்தப் போர்வை ஒற்றை அடுக்குதான், ஏனென்றால் உள்ளே இருப்பது தண்ணீர் இல்லை, எண்ணெய் மாதிரியான ரப்பர். பாஸ்போலிப்பிட்டின் வால் பகுதி ரப்பரைப் பார்த்தும் தலைப் பகுதி தண்ணீரைப் பார்த்தும் நிற்கும். இடையிடையே புரதங்கள் செருகிக்கொண்டிருக்கும். அவற்றுள் ரப்பர் நீட்சிக் காரணி என்ற புரதமும் சிறுதுகள் புரதம் என்பதும் முக்கியமானவை.

அடியில் இறங்குவதில் பெரும்பகுதி லூட்டாய்டுகள். பாலின் கனஅளவில் 10 முதல் 20 சதவீதம் வரை இருக்கும் சின்னச் சின்னப் பைகள் இவை, ஒற்றைச் சவ்வு கொண்டவை. தோட்டங்களில் வளர்க்கும் ரப்பர் மரமான ஹெவியா பிரேசிலியன்சிஸின் லூட்டாய்டு சவ்வை 1976-ல் ஆராய்ந்தபோது அதன் பாஸ்போலிப்பிட்டில் 80 சதவீதத்துக்கும் மேல் பாஸ்பாடிடிக் அமிலமே இருந்தது. தாவரச் சவ்வில் இப்படி ஒரு விகிதம் அசாதாரணம். பாஸ்போலிப்பேஸ் டி என்ற நொதி மற்ற பாஸ்போலிப்பிட்டுகளை வெட்டினாலும் இதே அமிலம்தான் கிடைக்கும் என்பதால், சவ்வில் அது முதலிலிருந்தே இருந்ததா, பிரித்தெடுக்கும்போது உருவானதா என்ற சந்தேகத்தையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வகைத் துகள், பிரே-விஸ்லிங் துகள்கள். சுவிஸ் தாவரவியலாளர் ஆல்பர்ட் பிரே-விஸ்லிங்கின் பெயரால் வழங்குபவை. இரட்டைச் சவ்வு உள்ள இவை, இலையின் பச்சையத் துகளுக்கு உறவான பிளாஸ்டிட் வகையைச் சேர்ந்தவை, உள்ளே கரோட்டினாய்டு நிறமி இருக்கும்.

மொத்தக் கொழுப்பு எவ்வளவு, என்னென்ன வகை?

நன்றாக ஆராயப்பட்டது ஹெவியா பிரேசிலியன்சிஸ் மட்டுமே என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். பாலில் ரப்பர் 30 முதல் 40 சதவீதம், புரதம் ஏறக்குறைய 1 முதல் 1.5, கொழுப்பு 1 முதல் 2. ஆர்.ஆர்.ஐ.எம். 501 என்ற குளோனின் (ஒரே தாய் மரத்திலிருந்து ஒட்டுப்போட்டுப் பெருக்கிய வகை) பாலைப் பற்றி 1986-ல் வந்த ஆய்வை இன்றும் எல்லோரும் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்கிறார்கள். அதில் மொத்தக் கொழுப்பு பாலின் எடையில் சுமார் 1.6 சதவீதம். அதில் பாதிக்குச் சற்று மேல் நடுநிலைக் கொழுப்பு, மூன்றில் ஒரு பங்கு கிளைக்கோலிப்பிட் (சர்க்கரை ஒட்டிய லிப்பிட்), ஏழில் ஒரு பங்கு பாஸ்போலிப்பிட்.

நடுநிலைக் கொழுப்பு என்பது பல சரக்கு மூட்டை. டிரைகிளிசரைடுகள், ஸ்டெரால்கள், ஸ்டெரால் எஸ்டர்கள், தனித்த கொழுப்பு அமிலங்கள், நீள் சங்கிலி ஆல்கஹால்கள், டோகோட்ரையினால்கள் எல்லாம் இதில் வரும். ஸ்டெராலில் பீட்டா-சைட்டோஸ்டெரால் முன்னணியில் இருக்கும். கிளைக்கோலிப்பிட்டில் நான்கு வகை: ஸ்டெரைல் குளுக்கோசைடு, அதன் எஸ்டர், ஒரு காலக்டோஸ் உள்ள டைகிளிசரைடு, இரண்டு காலக்டோஸ் உள்ள டைகிளிசரைடு. கடைசி இரண்டும் பச்சை இலையின் பிளாஸ்டிட்டில் நிறைந்திருப்பவை. வெயிலே படாத பட்டைக்குள் இருக்கும் பாலில் அவை இவ்வளவு இருப்பது முதலில் பார்ப்பவருக்கு விசித்திரமாகத் தோன்றும். பிரே-விஸ்லிங் துகள்களை நினைத்துக்கொண்டால் விசித்திரம் கொஞ்சம் குறையும். பாஸ்போலிப்பிட்டில் பாஸ்பாடிடைல் கோலின்தான் பெரியது.

கொழுப்பு அமிலங்களைப் பொறுத்தவரை லினோலியிக், ஒலியிக், ஸ்டியரிக், பால்மிடிக் என்று எந்தத் தாவரத்திலும் பார்க்கும் முகங்களே. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று எது?

ஃபியூரான் கொழுப்பு அமிலம். 1978-ல் ரப்பர் பாலில் இது இருப்பதாக அறிவித்தார்கள். முழுப்பெயர் 10,13-எபாக்சி-11-மெத்தில்-ஆக்டாடெக்கா-10,12-டையீனோயிக் அமிலம். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். சங்கிலியின் நடுவே நான்கு கார்பனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு வளையம் உட்கார்ந்திருக்கிறது, அதன் மேல் ஒரு மெத்தில் தொங்குகிறது என்று படம் பிடித்துக்கொண்டால் போதும்.

இதே வகை அமிலங்கள் மீன்களிலும் சில தாவரங்களிலும் உண்டு, ஆனால் துளித்துளியாக. ஆர்.ஆர்.ஐ.எம். 501 பாலில் டிரைகிளிசரைடுகளின் கொழுப்பு அமிலத்தில் பெரும்பங்கே இதுதான். இயற்கையில் இவ்வளவு குவிந்து கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு.

எல்லா ரப்பர் மரத்திலும் இப்படியா என்றால், இல்லை. ஹெவியா பிரேசிலியன்சிஸ் என்ற ஒரே இனத்துக்குள்ளேயே பி.பி. 235 என்ற குளோனில் ஃபியூரான் அமிலம் ஏராளம், ஆர்.ஆர்.ஐ.எம். 600-ல் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஒப்பிடப் புறப்படுபவர்கள் முதலில் இந்த ஒரு உண்மையை விழுங்க வேண்டும். இனத்துக்குள்ளேயே இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும்போது, இரண்டு இனங்களிலிருந்து ஆளுக்கு ஒரு மரம் எடுத்து அளந்து "இதுதான் இன வேறுபாடு" என்று எழுதினால் அது அந்த இரண்டு மரங்களின் வேறுபாடு மட்டுமே.

'உறவுள்ள இனங்கள்' என்றால் எவை?

ஹெவியா பேரினத்தில் பத்துப் பதினோரு இனங்களை ஏற்கிறார்கள். எண்ணிக்கை யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. எல்லாம் அமேசான் படுகையிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் தோன்றியவை. எல்லாவற்றுக்கும் குரோமோசோம் 36. ஒன்றோடு ஒன்று கலந்து கருவுறும்.

தோட்டங்களில் நிற்பது ஹெவியா பிரேசிலியன்சிஸ். ஹெவியா பெந்தாமியானா அமேசானின் வடக்குப் பக்கத்துக்காரன், அதன் ரப்பரும் நல்ல ரகம்தான். ஹெவியா கயானென்சிஸ் மிகப் பரந்து வாழ்வது, பால் மஞ்சள் சாயல், ரப்பர் அவ்வளவு பலம் இல்லை. ஹெவியா ஸ்ப்ரூசியானா ஆற்றோரச் சதுப்பில் நிற்கும், விதை பெரிது, பால் தண்ணீர் மாதிரி, ரப்பர் கொஞ்சமே. ஹெவியா பாசிஃப்ளோராவிலும் ரப்பர் குறைவு, ஆனால் தென்னமெரிக்க இலைக்கருகல் நோயைத் தாங்கும் குணத்துக்காகத் தேடப்படுவது. இவை போக நிட்டிடா, ரிஜிடிஃபோலியா, மைக்ரோஃபில்லா, புல்வெளியில் குட்டையாக வளரும் கேம்போரம், மராஜோ தீவின் கமார்கோவானா.

பேரினத்துக்கு வெளியே உள்ள உறவுகளில் ஒன்று மானிஹாட், அதாவது மரவள்ளி அடங்கிய பேரினம். அதில் மானிஹாட் கிளேசியோவி ஒரு காலத்தில் சியாரா ரப்பர் என்ற பெயரில் விற்றது.

பழைய நூல்களில் இன்ன இனத்தில் 'ரெசின்' அதிகம் என்று போட்டிருக்கிறது. அதைக் கொழுப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. குழப்பத்தின் வேரே இங்கேதான் என்று சொல்வேன்.

அந்தக் காலத்தில் காய்ந்த ரப்பரை அசிட்டோனில் பல மணி நேரம் ஊறவைத்துக் கொதிக்கவைத்து, அசிட்டோனில் இறங்கியதை எடைபோட்டு 'ரெசின்' என்று எழுதினார்கள். வேலைக்கு ஆகிற அளவீடு, வணிகத்துக்குப் போதுமானது. ஆனால் பாஸ்போலிப்பிட் அசிட்டோனில் சரியாகக் கரையாது. லெசித்தினிலிருந்து எண்ணெயைக் கழுவி நீக்க இன்றும் அசிட்டோனைப் பயன்படுத்துவது அதனால்தான். ஆக, சவ்வின் கொழுப்பில் கணிசமான பகுதி இந்த எண்ணில் விழாமல் போகும். மறுபக்கம், கொழுப்பு என்று சொல்ல முடியாத டெர்பீன் வகைகளும் வேறு சில்லறைப் பொருள்களும் இதில் விழும்.

போதாக்குறைக்கு மாதிரி என்ன நிலையில் வந்தது என்பதும் தெரியாது. காட்டில் புகைபோட்டு உருட்டிய ரப்பர் உருண்டை மாதக்கணக்கில் படகில் வந்து, யாரோ ஒரு வேதியியலாளர் மேசையில் ஏறியிருக்கும். அதற்குள் பாஸ்போலிப்பிட் பாதி உடைந்து கொழுப்பு அமிலமாகியிருக்கும். எனவே 'ஸ்ப்ரூசியானாவில் ரெசின் அதிகம்' என்ற மாதிரி வரிகளை ரப்பரின் தரத்தைப் பற்றிய குறிப்பாகப் படிக்கலாம். பாலின் லிப்பிட் அமைப்பு என்று படிக்கக் கூடாது.

எந்த அலகில் ஒப்பிட வேண்டும்?

ஒரு கற்பனைக் கணக்கு. முதல் மரத்தின் பாலில் 100 கிராமுக்கு ரப்பர் 36 கிராம், கொழுப்பு 1.4 கிராம். இரண்டாவது மரத்தில் ரப்பர் 20, கொழுப்பு 1.0. பாலின் எடையில் பார்த்தால் முதல் மரம் முந்துகிறது. 100 கிராம் ரப்பருக்கு என்று பார்த்தால் முதலாவது 3.9, இரண்டாவது 5.0. வரிசை தலைகீழ்.

இரண்டு விடையும் சரி, கேள்விதான் வேறு. பால்குழாய் எவ்வளவு கொழுப்பு உற்பத்தி செய்கிறது என்பது ஒரு கேள்வி, ரப்பரோடு எவ்வளவு கொழுப்பு போய்ச் சேருகிறது என்பது இன்னொரு கேள்வி. தண்ணீராக வழியும் ஸ்ப்ரூசியானா மாதிரி இனத்தையும் கெட்டியான பிரேசிலியன்சிஸையும் ஒரே அட்டவணையில் போடும்போது, காய்ந்த ரப்பர் விகிதத்தைச் சொல்லாமல் கொழுப்புச் சதவீதம் மட்டும் கொடுத்தால் அந்த அட்டவணையைத் தள்ளி வைத்துவிடலாம்.

மூன்றாவது அலகு ஒன்று உண்டு, எனக்குப் பிடித்தது: துகளின் மேற்பரப்புக்கு எவ்வளவு?

மேற்பரப்பா? அதற்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம்?

போர்வை மேற்பரப்பைத்தானே மூட வேண்டும். ரப்பர் துகள்கள் 0.02 மைக்ரோமீட்டரிலிருந்து 3 மைக்ரோமீட்டர் வரை பல அளவில் இருக்கும். எண்ணிக்கையில் சிறுதுகள்களே அதிகம், எடையில் பெருந்துகள்கள். 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகள்களாகவே இருந்தால் ஒரு கிராம் ரப்பருக்கு மேற்பரப்பு 6.5 சதுர மீட்டர் வரும். 0.1 மைக்ரோமீட்டராக இருந்தால் அதைப் போல பத்து மடங்கு, 65 சதுர மீட்டர். பாஸ்போலிப்பிட் ஒற்றை அடுக்காக ஒரு சதுர மீட்டரை மூட ஏறக்குறைய 2 மில்லிகிராம் தேவை. அப்படியானால் 100 கிராம் ரப்பருக்குப் பெருந்துகளில் 1.3 கிராம், சிறுதுகளில் 13 கிராம்.

இப்போது 1986-ன் எண்ணோடு ஒப்பிடுவோம். 1.6-ல் ஏழில் ஒரு பங்கு என்றால் 100 கிராம் பாலில் பாஸ்போலிப்பிட் 0.23 கிராம். பாலில் ரப்பர் 35 சதவீதம் என்று வைத்தால், 100 கிராம் ரப்பருக்கு 0.65 கிராம்தான். அதிலும் ஒரு பகுதி லூட்டாய்டுக்குச் சொந்தம். பெருந்துகளை மூடவே பாதிதான் எட்டுகிறது! மிச்ச இடத்தைப் புரதமும் கிளைக்கோலிப்பிட்டும் நிரப்பியாக வேண்டும். போர்வை தூய கொழுப்புப் படலம் இல்லை, புரதமும் கொழுப்பும் ஒட்டுப்போட்ட துணி என்பது இந்தச் சின்னக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

ஓர் இனத்தின் பாலில் பாஸ்போலிப்பிட் அதிகமாகத் தெரிந்தால், முதலில் அதன் துகள் அளவைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான். போர்வைத் துணி அதேதான், துகள் சிறியதாக இருப்பதால் மட்டும் துணி அதிகம் தேவைப்பட்டிருக்கலாம்.

பாலிலிருந்து கொழுப்பை எப்படிப் பிரித்தெடுப்பது?

குளோரோபாரமும் மெத்தனாலும் கலந்த கரைப்பான்தான் வழக்கம். 1957-லிருந்து எல்லாத் திசுக்களுக்கும் கையாளப்படும் 2-க்கு 1 என்ற விகிதமே இங்கும் அடிப்படை. சிக்கல் என்னவென்றால் குளோரோபாரம் ரப்பரையும் கரைக்கும், மெத்தனால் அதை உறையவைக்கும். பாலைக் கரைப்பானில் துளித்துளியாக, கலக்கிக்கொண்டே விட வேண்டும். முதல் தடவை நான் அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினேன். குடுவை நடுவில் பெரிய ரப்பர் உருண்டை ஒன்று திரண்டு, கொழுப்பில் பாதியைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு மிதந்தது. அன்றைய மாதிரி அத்தோடு போயிற்று.

பிறகு உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். பாலில் குவெப்ரக்கிடால் என்ற இனிப்புப் பொருள் ஏறக்குறைய கொழுப்பின் அளவுக்கே இருக்கிறது. கழுவாவிட்டால் அதுவும் கொழுப்பு என்று எடையில் ஏறிவிடும். நைட்ரஜன் வீசி உலர்த்தி, இருட்டில் குளிரில் வைக்க வேண்டும், ஏனென்றால் ஃபியூரான் வளையம் ஒளிபட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து திறந்துகொள்ளும்.

வகை பிரிக்க சிலிக்கா குழாயில் ஏற்றிக் குளோரோபாரம், அசிட்டோன், மெத்தனால் என்று வரிசையாக விட்டால் நடுநிலைக் கொழுப்பு, கிளைக்கோலிப்பிட், பாஸ்போலிப்பிட் என்று வரிசையாக இறங்கும்.

அப்புறம் கொழுப்பு அமிலங்களை மெத்தில் எஸ்டராக மாற்றி வாயு வண்ணப்படிவியலில் பார்ப்பது. இங்கே ஒரு பொறி. அமில வழியில், அதாவது போரான் டிரைஃபுளோரைடு மாதிரியானவற்றைக் கொண்டு மாற்றினால் ஃபியூரான் அமிலம் சிதைந்துவிடும். சோடியம் மெத்தாக்சைடு கொண்டு கார வழியில் போக வேண்டும். ஓர் ஆய்வில் அமில வழியில் அளந்து 'இந்த இனத்தில் ஃபியூரான் இல்லை' என்று முடிவு சொல்லியிருந்தால், இல்லாமல் போனது மரத்திலா குடுவையிலா என்று கேட்பது நியாயமே.

மாதிரி எடுக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

விடியலில் எடுங்கள், மரத்துக்குள் அழுத்தம் அப்போதுதான் அதிகம், பால் நன்றாக வழியும். பனிக்கட்டியில் வைத்த குழாயில் பிடியுங்கள். கெடாமல் இருக்க அமோனியா சேர்க்கும் வழக்கம் உண்டு. தொழிற்சாலைக்கு அது சரி, லிப்பிட் ஆய்வுக்கு விஷம். அமோனியா பாஸ்போலிப்பிட்டையும் கிளைக்கோலிப்பிட்டையும் உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கும். அமோனியா போட்டுப் பல நாள் நின்ற பாலில் தனித்த கொழுப்பு அமிலம் நிறைய இருந்தால் அது மரத்தின் குணம் இல்லை.

இனங்களை ஒப்பிடுவதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் வேறு. தோட்டக் குளோன் வருடக்கணக்கில் முறையாகச் சீவப்பட்ட மரம். காட்டு இனமோ சேகரிப்புத் தோட்டத்தில் சும்மா நிற்கும், ஆய்வுக்காக அன்றைக்குத்தான் முதல் தடவை கத்தி படும். தொடாத மரத்தின் முதல் பால் கெட்டியாக வரும். அடுத்தடுத்த வெட்டில் நீர்த்து, சில வாரத்தில்தான் ஒரு நிலைக்கு வரும். முதல் வெட்டுப் பாலையும் ஐந்நூறாவது வெட்டுப் பாலையும் வைத்து இன வேறுபாடு பேசினால் என்ன அர்த்தம்? எல்லா மரங்களையும் ஒரே இடைவெளியில் சில வாரம் சீவிவிட்டு, அதன்பின் மாதிரி எடுங்கள். இலையுதிர்ந்து தளிர்விடும் காலத்தைத் தவிருங்கள். பால் அதிகம் வடிவதற்காக எத்திஃபான் என்ற மருந்து தடவிய மரத்தைச் சேர்க்காதீர்கள், அது பாலை நீர்க்கச் செய்யும்.

ஆய்வுகளில் வரும் 'ஹெவியா பிரேசிலியன்சிஸ்' உண்மையில் எவ்வளவு பரந்த இனம்?

காட்டில் பரந்தது, தோட்டத்தில் குறுகியது. 1876-ல் ஹென்றி விக்கம் தபாஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைத்தவை மூவாயிரம்கூடத் தேறவில்லை, 2,700 அளவில்தான். ஆசியத் தோட்டங்களின் பெரும்பகுதி அந்தக் கூட்டத்தின் வழித்தோன்றல்களே. லிப்பிட் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் குளோன்களும் அதே வழியில் வந்தவை. ஆக 'பிரேசிலியன்சிஸ் பாலின் கொழுப்பு' என்று நாம் சொல்வது ஓர் ஆற்றங்கரையின் கொழுப்பு. 1981-ல் பிரேசிலின் ஆக்ரி, ரொண்டோனியா, மாத்தோ குரோசோ மாநிலங்களிலிருந்து பல நாடுகள் கூடி விதை சேகரித்தன. அந்தச் சேகரிப்பு மரங்களையும் பக்கத்தில் வைத்தால்தான் இனத்தின் உண்மையான வீச்சு தெரியும்.

மஞ்சள் பால் என்றால் கொழுப்பு அதிகமா?

இல்லை. மஞ்சள் நிறம் கரோட்டினாய்டால் வருவது. அதுவும் ஒரு லிப்பிட்தான், ஆனால் எடையில் அற்பம். நிறத்தை வைத்து மொத்தக் கொழுப்பைச் சொல்ல முடியாது.

பால் தர அறிக்கையில் வரும் 'ஆவியாகும் கொழுப்பு அமில எண்' இதைத்தான் சொல்கிறதா?

பெயர் ஏமாற்றும். அது அசிட்டிக், ஃபார்மிக், புரோபியோனிக் அமிலங்களின் அளவு. பாக்டீரியா பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று வெளியிடுபவை அவை. பால் எவ்வளவு சுத்தமாகக் கையாளப்பட்டது என்று சொல்லும். மரத்தின் லிப்பிட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

குடும்பத்துக்கு வெளியே உள்ள ரப்பர்ச் செடிகள் எப்படி?

குவாயூல் என்ற பாலைவனப் புதர் சூரியகாந்திக் குடும்பம். அதற்குப் பால்குழாயே இல்லை. ரப்பர் பட்டையின் சாதாரண உயிரணுக்களுக்குள் தங்கும். செடியை அரைத்துத்தான் எடுக்க வேண்டும், அரைக்கும்போது குவாயூலின், அர்ஜென்டாட்டின் போன்ற ரெசின்கள் வேறு இடத்திலிருந்து வந்து கலக்கும். ரஷ்ய டேன்டேலியனின் வேர்ப்பாலில் ஐந்து வளைய டிரைடெர்பீன்கள் நிறைய. ஆல மரத்தின் உறவான ஃபைகஸ் எலாஸ்டிகா இன்னொரு குடும்பம்.

இவ்வளவு தூரத்து இனங்களாக இருந்தும் ஒரு விஷயம் பொது. ஹெவியா, குவாயூல், ஃபைகஸ், யூஃபோர்பியா லாக்டிஃப்ளூவா நான்கின் துகள்களையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து 1999-ல் வெளியிட்டார்கள். நான்கிலும் நடுவில் ஒரே சீரான ரப்பர், சுற்றிலும் ஒற்றை அடுக்குப் போர்வை. அந்தப் போர்வையில் என்ன கொழுப்பு, என்ன புரதம் என்பது மட்டும் இனத்துக்கு இனம் வேறு. குவாயூல் போர்வையின் முதன்மைப் புரதம் ஹெவியா போர்வையின் முதன்மைப் புரதம் அல்ல, அலீன் ஆக்சைடு சின்தேஸ் என்ற நொதி. ரப்பர் செய்யும் நொதி சவ்வில் ஒட்டி வேலை செய்வது என்பதால் அதற்கு ஏதோ ஒரு போர்வை வேண்டும். எந்தத் துணியில் என்பதை ஒவ்வொரு செடியும் தன் கையில் இருந்ததைக் கொண்டு தைத்துக்கொண்டது போலிருக்கிறது.

இந்தக் கொழுப்பு ரப்பரின் தரத்தை எப்படி மாற்றும்?

பல வழிகளில். ஸ்டியரிக் மாதிரி நிறைவுற்ற அமிலங்கள் குளிரில் ரப்பர் படிகமாவதைத் தூண்டும், விறைப்பு சீக்கிரம் வரும். லினோலியிக் மாதிரி நிறைவுறாதவை ரப்பரை இளக்கும். அமோனியா சேர்த்து வைத்த கெட்டிப் பாலில் உடைந்து வரும் கொழுப்பு அமிலங்கள் சோப்பாகித் துகள்களைச் சுற்றி நின்று, குலுக்கினாலும் உறையாமல் காக்கும். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும்போது, அதாவது வல்கனைஸ் செய்யும்போது, துத்தநாக ஆக்சைடோடு சேர்ந்து வினையை முடுக்குவதும் கொழுப்பு அமிலங்களே. டோகோட்ரையினால்கள் ரப்பரின் சொந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். ஹெவியா பாலில் அவை இருப்பதை 1965-லேயே அடையாளம் கண்டுவிட்டார்கள்.

இதற்கு மேல், ரப்பர் சங்கிலியின் ஒரு முனையில் பாஸ்போலிப்பிட் பிணைந்திருப்பதாகவும் அதன் வழியே சங்கிலிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதாகவும் ஒரு விளக்கம் உண்டு. அது சரியென்றால், சேமிப்பில் ரப்பர் தானாகக் கடினமாவதற்கும் கொழுப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. செயற்கையாகச் செய்த அதே பாலிஐசோப்ரீன் ஏன் இயற்கை ரப்பர் மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதற்கு இந்த வழியில்தான் விடை தேடுகிறார்கள்.

அடிமரம் ஓர் இனம், தழை வேறு இனம் என்று ஒட்டுப்போட்டால் யாருடைய கொழுப்பு வரும்?

இலைக்கருகல் தாங்கும் பாசிஃப்ளோராவின் தழையைப் பிரேசிலியன்சிஸ் தண்டின் மேல் ஒட்டும் முறை உண்டு. தழை அனுப்புவது சர்க்கரை. அதைக் கொழுப்பாக்கும் பால்குழாய் தண்டின் பட்டையில் இருக்கிறது, தண்டின் மரபணுப்படி வேலை செய்கிறது. மாதிரிக் குறிப்பில் தழை எது, தண்டு எது என்று இரண்டையும் எழுதுங்கள்.

ரப்பர் விதை எண்ணெயின் பகுப்பாய்வு கைவசம் இருக்கிறது. அதை வைத்துப் பாலை ஊகிக்கலாமா?

வேண்டாம். விதை எண்ணெய் முளைக்கான சேமிப்பு, லினோலியிக்கும் லினோலெனிக்கும் நிறைந்தது. பாலின் கொழுப்பு வேறு உயிரணு, வேறு வேலை.

கொழுப்பைப் பார்த்து இனத்தை அடையாளம் காண முடியுமா?

ஃபியூரான் விகிதத்தையும் ஸ்டெரால் வரிசையையும் வைத்து இரண்டு மரங்கள் வேறு வேறு என்று சொல்லலாம். எந்த இனம் என்று சொல்வது துணிச்சல். ஹெவியா இனங்கள் காட்டிலேயே கலந்து கிடக்கின்றன, தோட்டத்திலும் வேண்டுமென்றே கலந்திருக்கிறார்கள். உதாரணமாக ஐ.ஏ.என். 717 என்ற குளோனின் ஒரு பெற்றோர் பிரேசிலியன்சிஸ், மற்றது பெந்தாமியானாவின் எஃப் 4542. அதன் கொழுப்பை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? அடையாளத்துக்கு இலை, பூ, விதை, மரபணு என்று வழி இருக்கிறது. அதை முடித்துவிட்டுக் கொழுப்புக்கு வாருங்கள்.

வசதி குறைவு. ஒரே ஓர் அளவீடு செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது?

இனத்துக்கு ஒரு மரத்தைப் பத்து விதமாக அளப்பதைவிட, இனத்துக்குப் பத்து மரத்தை ஒரே விதமாக அளந்துவிடுங்கள். கார வழியில் மெத்தில் எஸ்டராக்கி மொத்தக் கொழுப்பு அமில வரிசையை எடுங்கள். அதே பாலில் ஒரு பங்கை உலர்த்திக் காய்ந்த ரப்பர் விகிதத்தையும் பாருங்கள், அதற்கு ஓர் அடுப்பும் தராசும் போதும். இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, மரம் எத்தனை வாரமாகச் சீவப்பட்டது என்பதை மூன்றாவது கட்டத்தில் போடுங்கள்.